வாய்கட்டி நடந்த தயிர்க்காரி

முனைக்காட்டுக் கண்ணகை ஒரு பகல் முழுக்க ஒரு சொல்லும் பேசாமல் இருந்தாள் என்று குருக்கள்மடத்தில் போய்ச் சொல்லிப் பாருங்கள். ஒருவரும் நம்பமாட்டார்கள். சொன்னவரைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்த ஊருக்குப் பல வருடமாகப் பொழுது விடிந்ததே அவளுடைய குரலில்தான்.

மட்டக்களப்பு வாவிக்கு இரண்டு கரை. பொழுது எழும்புகிற பக்கம் எழுவான்கரை, பொழுது படுகிற பக்கம் படுவான்கரை. கண்ணகை படுவான்கரைக்காரி. எருமைத் தயிரைச் சட்டி சட்டியாகப் பனையோலைக் கடகத்தில் அடுக்கித் தலையில் ஏற்றிக்கொண்டு அம்பிளாந்துறைக்கு வருவாள். தோணி அக்கரையில் நின்றால் மற்றவர்கள் மரநிழலில் குந்திக் காத்திருப்பார்கள். அவளுக்கு அந்தப் பொறுமையெல்லாம் கிடையாது. இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு ஒரு தரம் கூப்பிடுவாள். அக்கரையில் தோணிக்காரன் கையில் எடுத்த சோற்றைக் கோப்பையில் வைத்துவிட்டு எழும்புவான். இரண்டாம் தரம் கூப்பிட அவன் ஒருநாளும் விட்டதில்லை.

அக்கரைக் குருக்கள்மடத்தில் வீட்டுக்கு வீடு தயிரோடு ஊர்ப் புதினமும் கொடுப்பாள். தயிர் சில நாள் புளித்திருக்கும். புதினம் ஒருநாளும் புளிக்காது. கலியாணமோ கோயில் சடங்கோ எதுவென்றாலும் குரவை போட அவளைத்தான் தேடுவார்கள். வாய்க்குள்ளே நாக்கைப் புரட்டிப் பெண்கள் எழுப்புகிற அந்த மங்கலச் சத்தத்தை எல்லாரும் போடுவார்கள், ஆனால் கண்ணகை போட்டால் பக்கத்து ஊர்க்காரர் ‘கலியாணம் முடிஞ்சுது’ என்று சொல்லி வெற்றிலைத் தட்டோடு புறப்படுவார்கள்.

அவளுடைய புருஷன் இளையதம்பி வயல்காரன், நல்ல மனிதன், வாயில்லாத மனிதன். அந்த வீட்டில் ஒருத்தியே இரண்டு பேருடைய பங்கையும் பேசிவிடுகிறாள் என்று ஊரார் பகிடி பண்ணுவார்கள். எங்கே போனாலும் அவள் முன்னால், அவன் பின்னால். அவள் திரும்பிப் பார்க்காமல் பேசிக்கொண்டே நடப்பாள். அந்தப் பேச்சுக்குள்ளேயே ‘இஞ்ச முள்ளுக் கிடக்கு’, ‘வரம்பு உடைஞ்சிரிக்கு’, ‘இதால திரும்புங்க’ எல்லாம் வந்து போகும். அவன் கேட்பதுபோலவே தெரியாது. ஆனால் முள் கிடந்த இடத்தில் கால் தானாக விலகும். அவன் கண் நிலத்தில் இருக்காது, எங்கேயோ வானத்தில் இருக்கும். அவன் நடப்பதே அவளுடைய குரலைப் பிடித்துக்கொண்டுதான் என்பது அவனுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

முப்பத்தாறாம் ஆண்டு மாரியில் இளையதம்பிக்குக் காய்ச்சல் வந்தது. அந்த நாளில் வயல் வட்டைக்குள் வேலை செய்கிறவர்களுக்குக் காய்ச்சல் வருவதும் கொயினா மருந்து குடிப்பதும் புதினமில்லை. ஆனால் இது விடாத காய்ச்சல். ஒருநாள் பின்னேரம் அவன் கண்ணைத் திறந்து கண்ணகையைப் பார்த்து, நீ ஆர் என்று கேட்டான். அவள் எழும்பிப்போய் விளக்கின் முன்னால் நின்றாள். நேர்ந்துகொள்ள அவளிடம் காப்பு இல்லை, சங்கிலி இல்லை. தன்னிடம் இருந்ததிலே பெரியது எதுவோ அதை எடுத்து வைத்தாள்.

“முருகா, இந்த மனுசன் எழும்பினா உனக்கு வாயக் கட்டி நடந்து வாறன்.”

வாய் கட்டுவது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். கதிர்காமத்தில் பூசை செய்யும் கப்புகனார் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டுதான் பூசை செய்வார். சின்னக் கதிர்காமம் என்று சொல்லுகிற மண்டூர்க் கோயிலிலும் அப்படித்தான். ஆனால் தயிர்க்காரி ஒருத்தி அப்படி நேர்ந்துகொண்டதை அதற்கு முன் யாரும் கேள்விப்பட்டதில்லை.

காய்ச்சல் விட்டது. இளையதம்பி எழும்பினான், கஞ்சி குடித்தான், மெலிந்துபோன காலோடு வாசலில் நடந்தான். அடுத்த ஆனியில் கதிர்காமத்துக்கு ஆட்கள் கால்நடையாகப் புறப்படும் காலம் வந்தபோது அவனும் வருகிறேன் என்றான். அப்போதுதான் சிக்கல் வந்தது. ‘நடந்து வாறன்’ என்று சொன்னவள் எவ்வளவு தூரம் என்று முருகனிடம் சொல்லவில்லை. கதிர்காமம் காடும் கடற்கரையுமாகக் கிழமைக்கணக்கில் நடக்கிற வழி. அவ்வளவு நாளும் கண்ணகை பேசாமல் இருந்தால் நெஞ்சு வெடித்துச் செத்துப்போவாள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

ஒவ்வொரு வருடமும் வேல் தூக்கிக் கூட்டத்தை நடத்திப் போகிறவர் வினாயகமூர்த்தி. அவர்தான் யோசித்து ஒரு வழி சொன்னார். மண்டூர் சின்னக் கதிர்காமம், இருப்பதும் அதே முருகன். முதல்நாள் வீட்டு வாசலில் வாயைக் கட்டி, பொழுதுபட மண்டூரில் பூசை மணி அடிக்கும்வரை கட்டியபடி நடந்தால் போதும். மணிக்குப் பிறகு அவிழ்க்கலாம். அதற்கு முன் ஒரு சொல் வந்தாலும் நேர்த்திக்கடன் பிழைபட்டுவிடும்.

கண்ணகை ஒப்புக்கொண்டாள். ஒரு சொல் தவறினால் காய்ச்சல் திரும்பி வந்து இளையதம்பியைக் கொண்டுபோய்விடும் என்பதில் அவளுக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை. இளையதம்பியின் அக்கா இலட்சுமிப்பிள்ளைக்கும் சந்தேகமில்லை. ஆகவே அவள் தன்னைத்தானே காவலுக்கு வைத்துக்கொண்டாள். தம்பியின் உயிர் மச்சாளின் வாயில் இருக்கும்போது எந்த அக்காதான் சும்மா இருப்பாள்?

புறப்பட்ட அன்று விடியற்காலை, ஆனி மாதத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத மழை. மேற்கிலிருந்து கச்சான் காற்று அடித்து நிலம் வெடிக்கிற காலத்தில் முதல்நாள் இரவெல்லாம் பெய்து வழியைக் களியாக்கி வைத்திருந்தது. கண்ணகை வெள்ளைத் துணியை மடித்து வாயில் வைத்துப் பின்னால் முடிச்சுப் போட்டாள். முடிச்சு இறுக்கமாக இருக்கிறதா என்று இலட்சுமிப்பிள்ளை இழுத்துப் பார்த்தாள். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற இளையதம்பி, “இண்டைக்கு எனக்குக் குருவிச் சத்தம் கேக்கும்” என்றான். அவன் பகிடி விட்டதே அதிசயம். எல்லாரும் சிரித்தார்கள். கண்ணகை கண்ணாலேயே அவனைச் சுட்டாள்.

கதிர்காமத்துக்கு நடக்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுப் படலையைத் தாண்டிய பிறகு யாருக்கும் பேர் கிடையாது. ஆணும் பெண்ணும் சின்னவரும் பெரியவரும் எல்லாரும் சாமிதான். வினாயகமூர்த்தி இந்த விஷயத்தில் கண்டிப்பானவர். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பியும் பார்க்கமாட்டார். நடக்கத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் ‘சாமி, தண்ணி தாங்க’ என்று ஒருவர் கேட்க மூன்று பேர் குடுவையை நீட்டினார்கள், ‘சாமி, கொஞ்சம் தள்ளுங்க’ என்றதற்குக் கூட்டமே தள்ளியது. அதுவும் நல்ல சிரிப்பாகத்தான் இருந்தது.

சேறு முதலில் கணுக்கால், பிறகு முழங்கால். வயல் வரம்பு எது, வாய்க்கால் எது என்று தெரியவில்லை. ஒரு காலை இழுத்தெடுத்தால் மற்றக் கால் உள்ளே போகும். வினாயகமூர்த்தி வேலைச் சிவப்புத் துணியில் சுற்றித் தோளில் சாய்த்துக்கொண்டு, ‘கால விரிச்சு வச்சு நடங்க சாமிமாரே’ என்று பின்னால் திரும்பிச் சொல்லி முடிக்கவில்லை, வழுக்கினார். விழும்போதும் வேலை விடவில்லை. இரண்டு கையாலும் அதை மேலே தூக்கிப் பிடித்தபடி சேற்றில் சம்மணம் கட்டி இருந்துவிட்டார். ‘அரோகரா’ என்று யாரோ சொன்னார்கள். அதோடு எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், அவரும் சிரித்தார். கண்ணகைக்கு மட்டும் சத்தமாகச் சிரிக்க முடியவில்லை. தோள் இரண்டும் குலுங்க, கண்ணில் தண்ணீர் வழிய, கட்டிய துணிக்குள்ளே அவள் பட்ட பாடு பெரும்பாடு. சிரிப்பது நேர்த்தியைக் கெடுக்குமா என்று உடனே கேள்வி வந்தது. சத்தம் வெளியே வராதமட்டும் பிழையில்லை என்று இலட்சுமிப்பிள்ளை தீர்த்து வைத்தாள்.

பழுகாமத்தில் கஞ்சி கிடைத்தது. ஊரார் பந்தல் போட்டு, நடந்து வருகிறவர்களைக் கால் கழுவச் செய்து, தேங்காய்ச் சிரட்டையில் சுடச்சுட வார்த்தார்கள். குடிப்பதற்குத் துணியை இறக்கலாம், பேசத்தான் கூடாது. கண்ணகை குடித்துக்கொண்டிருந்தபோது அவள் முன்னால் ஒரு பெண் வந்து நின்றாள். அவள் பழுகாமத்தில் வாழ்க்கைப்பட்ட குருக்கள்மடத்துக்காரி. முன்பு ஒருநாள் தயிர் புளித்தது என்று வாயைக் கொடுத்து, கண்ணகையிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு போனவள். அன்றையிலிருந்து பதில் யோசித்துக்கொண்டே இருந்திருக்கவேண்டும். இன்று முருகனே கொண்டுவந்து கொடுத்த நேரம். அவள் ஆற அமர நின்று எல்லாவற்றையும் சொன்னாள். தயிர் புளித்ததைச் சொன்னாள், சட்டி பொத்தலானதைச் சொன்னாள், கண்ணகையின் நடையையும் கொண்டையையும் சொன்னாள். கண்ணகையின் காது சிவந்தது. இலட்சுமிப்பிள்ளை ஓடிவந்து துணியை மேலே இழுத்துக் கட்டிவிட்டாள். கண்ணகை அந்தப் பெண்ணைக் கும்பிட்டுவிட்டு நடந்தாள். அவளுடைய வாழ்க்கையிலே அதுபோல ஒரு தோல்வி அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஆனால் நேர்த்தி நின்றது, அது போதும் என்று நினைத்துக்கொண்டாள்.

வெல்லாவெளியைத் தாண்டியபோது மழை மறுபடியும் பிடித்தது. அதுவரை தூறலாக இருந்தது இப்போது கொட்டத் தொடங்கியது. வழியின் ஒரு பக்கம் வயல், மற்றப் பக்கம் ஆள் உயரத்துக்கு மேலே சம்புப் புல்லும் பன் புல்லும் வளர்ந்த சதுப்பு. முன்னால் போகிறவரின் முதுகு மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது. எல்லாரும் குனிந்த தலையோடு வரிசையாக நடந்தார்கள். கண்ணகை முன்னால், அவளுக்குப் பின்னால் இலட்சுமிப்பிள்ளை, கடைசியில் இளையதம்பி. காய்ச்சலில் போன பலம் அவனுக்கு இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. தலையில் ஒரு சாக்கை முக்காடாகப் போட்டுக்கொண்டு மெல்ல மெல்ல வந்துகொண்டிருந்தான்.

மழை கொஞ்சம் விட்டபோது இலட்சுமிப்பிள்ளை திரும்பிப் பார்த்தாள். பின்னால் ஒருவரும் இல்லை.

கூட்டம் நின்றது. முதலில் யாரும் பதறவில்லை. கால் வலித்து எங்கேயாவது நின்றிருப்பான் என்று நினைத்தார்கள். வினாயகமூர்த்தி கையைக் குவித்து, ‘சாமீ’ என்று கூப்பிட்டார். சம்புக்காட்டுக்குள்ளிருந்து உடனே பதில் வந்தது: ‘ஓம், இந்தா வாறன்.’ எல்லாரும் மூச்சு விட்டார்கள். கண்ணகை இரண்டு கையையும் தலைக்கு மேலே குவித்துக் கும்பிட்டாள். சம்பை விலக்கிக்கொண்டு ஆள் வந்தான். வந்தவன் இளையதம்பி இல்லை. கையில் எருமை மேய்க்கும் கம்போடு முன்பின் தெரியாத ஒருவன்.

“என்னத்துக்கு என்னைக் கூப்பிட்டீங்க?” என்று அவன் கேட்டான்.

அவனுடைய பேர் சாமித்தம்பி. எருமைப் பட்டியில் எல்லாரும் சாமி என்றுதான் கூப்பிடுவார்களாம். அவனோடு எருமை மேய்க்கிற அசனார் என்பவர் மழைக்குள் அவனைக் காணாமல் சதுப்பின் அந்தப் பக்கம் நின்று ‘சாமி, சாமி’ என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாராம். இந்தப் பக்கத்திலும் சாமி என்று சத்தம் கேட்கவே, கிட்டத்தில் கேட்ட சத்தத்துக்கு வந்துவிட்டான்.

வினாயகமூர்த்தியின் முகம் மாறியது. இங்கே கூப்பிட்டதற்கு அந்தச் சாமி வந்தான் என்றால், அங்கே கூப்பிட்டதற்கு இந்தச் சாமி போயிருப்பான். சாமித்தம்பிக்கும் அது விளங்கிவிட்டது.

“நடுவில புதைசேறு கிடக்கு. போன கிழமைதான் ஒரு எருமைக் கண்டு அதுக்குள்ள தாண்டு செத்தது” என்றான்.

பிறகு எல்லாரும் ஒன்றாகக் கத்தினார்கள். வினாயகமூர்த்தி வழக்கத்தை மறந்து ‘இளையதம்பி’ என்று பேர் சொல்லியே கத்தினார். கச்சான் காற்று எதிரே அடித்தது. கத்தியது எல்லாம் சம்புக்காட்டின் ஓரத்திலேயே விழுந்துவிட்டது. அந்தப் பக்கத்திலிருந்து மட்டும் அசனாரின் குரல் காற்றோடு சேர்ந்து நன்றாகக் கேட்டது: ‘சாமியோவ், இஞ்சால வா.’ அந்தக் குரலை நம்பித்தான் இளையதம்பி சேற்றுக்குள் நடந்துகொண்டிருக்கிறான்.

காற்றுக்கு எதிரே போகக்கூடிய குரல் அந்தக் கூட்டத்தில் ஒன்றுதான் இருந்தது. எல்லாரும் கண்ணகையைப் பார்த்தார்கள். காலையிலிருந்து காவல் காத்த இலட்சுமிப்பிள்ளைதான் முதலில் அழுதாள்.

“அவிழ்த்துப் போட்டுட்டுக் கூப்பிடு மச்சாள். நேர்த்தியப் பிறகு பாப்பம்.”

கண்ணகை துணியில் கையை வைத்தாள். கை அங்கேயே நின்றது. கூப்பிட்டால் காய்ச்சல் வந்து கொண்டுபோகும். கூப்பிடாவிட்டால் சேறு கொண்டுபோகும். நீ ஆர் என்று அவன் கேட்ட அந்தப் பின்னேரம் அவள் கண்முன்னே வந்தது. இப்படி ஒரு நேர்த்தியை வைத்ததற்குத் தன் வாயையே அறைய வேண்டும்போல இருந்தது. எந்தப் பக்கம் போனாலும் அவனை நான்தான் கொல்லப்போகிறேன் என்று நினைத்தாள்.

பிறகு துணியைக் கீழே இழுத்தாள். தலையை நிமிர்த்தி, வயிற்றிலிருந்து மூச்சை இழுத்து, குரவை போட்டாள்.

ஒரு சொல் இல்லை, ஓர் எழுத்தும் இல்லை. கலியாணப் பந்தலில் போடுகிற அதே குரவை. ஆனால் எந்தப் பந்தலிலும் அவள் இவ்வளவு மூச்சைப் போட்டதில்லை. சம்புக்குள் இருந்த கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தது. மூச்சு முடிய மறுபடியும் இழுத்துப் போட்டாள், மறுபடியும் போட்டாள். மூன்றாம் தரமோ நான்காம் தரமோ, அவள் மூச்செடுத்த இடைவெளியில், காற்றோடு ஒரு மெல்லிய குரல் வந்தது.

“கண்ணகை, நான் இஞ்ச நிக்கன்.”

அவன் வெளியிலே, நாலு பேர் கேட்க அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல்தரம்.

நடந்ததைப் பிறகு இளையதம்பியே சொன்னான். மழைக்குள் பழக்கமாகக் கேட்கிற பேச்சு இல்லாததால் எப்போது விலகினான் என்றே அவனுக்குத் தெரியவில்லை. எங்கேயோ ‘சாமி’ என்று கேட்டது. தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று போனான். தொடை வரைக்கும் புதைந்த பிறகுதான் இது வழியில்லை என்று புரிந்தது. அப்போதும் அந்தக் குரல் முன்னாலிருந்தே வந்ததால், காலை இழுத்து இன்னும் ஓர் அடி வைக்கப் பார்த்தான். அப்போது பின்னாலிருந்து குரவை கேட்டது. அவனுக்கு அந்தக் குரவை தெரியும். அசையாமல் அப்படியே நின்றுவிட்டான்.

குரவை அசனாருக்கும் கேட்டது. அவர் ஏறாவூர் முஸ்லிம், எருமைகளோடு வருடக்கணக்காகப் படுவான்கரையில் இருக்கிறவர். நாலு பக்கமும் சதுப்பாகக் கிடக்கிற இடத்தில் குரவை கேட்டால் யார்தான் போய்ப் பார்க்காமல் இருப்பார்கள்? ஓர் எருமையை முன்னால் விட்டு, அது கால் வைத்த இடத்தில் கால் வைத்து வந்தார். வந்து பார்த்தால் சேற்றுக்குள் தலையில் சாக்கோடு ஓர் ஆள் நட்டுவைத்ததுபோல நின்றான்.

“இந்தச் சேத்துக்குள்ள ஆருக்குக் கலியாணம்?” என்றுதான் அவர் முதலில் கேட்டாராம்.

எருமையின் வாலை எட்டிப் பிடிக்கச் சொன்னார். இளையதம்பி இரண்டு கையாலும் பிடித்தான். எருமைக்கு ஓர் அடி போட்டார். அது அவனைச் சேற்றிலிருந்து பிடுங்கி, சம்பையெல்லாம் முறித்துக்கொண்டு இழுத்து, கூட்டத்தின் நடுவிலே கொண்டுவந்து விட்டது. வந்ததும் உடம்பை ஒரு உதறு உதறியது. அதுவரை கொஞ்சம் வெள்ளையாக இருந்த சாமிமாருக்கும் சேறு கிடைத்தது. எருமைக்குப் பின்னால் வயிற்றில் வழுக்கிக்கொண்டு வந்தவனைப் பார்த்து, எது எருமை எது இளையதம்பி என்று வினாயகமூர்த்தி கேட்டார். அழுதுகொண்டிருந்த இலட்சுமிப்பிள்ளை அழுகையை விடாமலே சிரித்தாள்.

கண்ணகை சேலைத் தலைப்பால் அவன் முகத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க அவளுக்கு அழுகை வந்தது. அவனைத் திட்டுவதற்கு நெஞ்சு நிறைய இருந்தது. வாயைத் திறந்தாள், உடனே ஞாபகம் வந்து மூடிக்கொண்டாள். கழுத்தில் கிடந்த துணியை எடுத்து, சேறும் தண்ணீருமாக, மறுபடியும் வாயில் கட்டினாள்.

அதற்குப் பிறகு மண்டூர் வரைக்கும் ஒரே வழக்குத்தான். நேர்த்தி நின்றதா, பிழைபட்டதா? தம்பி பத்திரமாக வந்துவிட்டதால் இலட்சுமிப்பிள்ளைக்குப் பழைய கண்டிப்புத் திரும்பிவிட்டது. குரவையும் வாயால்தானே வருகிறது, வாயைக் கட்டுவது என்றால் கட்டுவதுதான் என்றாள். சொல் வரக்கூடாது என்பதுதான் நேர்த்தி, குரவையில் எங்கே சொல் இருக்கிறது என்று வினாயகமூர்த்தி கேட்டார். துணியை இறக்கியது பிழை என்று ஒரு சாமி, கஞ்சிக்கும் இறக்கினாளே என்று இன்னொரு சாமி. இதில் பெரிய பகிடி, படுவான்கரையிலேயே வழக்குப் பேசுவதில் கெட்டிக்காரியானவள் தன்னுடைய வழக்கில் ஒரு சொல்லும் பேச முடியாமல் நடந்துகொண்டிருந்தாள். அவர்களைப் பாதுகாப்பான வழியில் விடுவதற்காக அசனாரும் சாமித்தம்பியும் கொஞ்ச தூரம் கூட வந்தார்கள். அசனார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே வந்து, பிரியும் இடத்தில் தன்னுடைய பங்கையும் சொன்னார்.

“எங்கட கலியாண வீட்டிலயும் பொம்புளயள் குரவை போடுற. இவ என்ன சொல்லுறா எண்டு ஒருத்தரும் கேக்கிறல்ல.”

அது நல்ல நியாயம் என்று பாதிப்பேருக்குப் பட்டது. கண்ணகைக்கும் பட்டது. ஆனால் பயம் நியாயத்துக்குக் கட்டுப்படுகிற சாமான் இல்லை. நடக்க நடக்கத் திரும்பித் திரும்பி இளையதம்பியைப் பார்த்தாள். ஒருமுறை அவன் தும்மினான். அவளுக்கு உயிர் போய் வந்தது.

மண்டூருக்கு வந்தபோது பொழுது படுகிற நேரம். வாவியில் இறங்கிச் சேற்றைக் கழுவ, அந்தத் தண்ணீரே நிறம் மாறியது. கோயிலில் பூசைக்கு ஆயத்தம் நடந்துகொண்டிருந்தது. இலட்சுமிப்பிள்ளை சும்மா இருப்பவளா? வழக்கைக் கப்புகனாரிடமே கொண்டுபோய்த் தீர்த்துவிடுவது என்று ஈரச் சேலையோடு முன்னால் போனாள். போய் நின்று காலையிலிருந்து நடந்த அவ்வளவையும் சொல்லி, நேர்த்தி நின்றதா இல்லையா என்று கேட்டாள்.

கப்புகனார் அவளைப் பார்த்தார். அவர் பூசைக்காக வாயைக் கட்டியாகிவிட்டது.

கூட்டம் பதிலுக்குக் காத்திருந்தது. அவர் பெண்கள் நின்ற பக்கம் கையைத் தூக்கி அசைத்துவிட்டுத் திரைக்குள் போய்விட்டார். பூசை தொடங்கப்போகிறது, குரவை போடுங்கள் என்று பெண்களுக்கு அவர் ஒவ்வொரு நாளும் காட்டுகிற சைகை அது. இலட்சுமிப்பிள்ளையின் கேள்விக்குப் பதிலாகக் காட்டினாரா, வழக்கமாகக் காட்டினாரா என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. பெண்கள் குரவை எடுத்தார்கள். கண்ணகை கட்டிய வாயோடு நின்றாள். வினாயகமூர்த்தி அவளைப் பார்த்து, ‘உங்களுக்கும்தான் காட்டினார் சாமி’ என்றார். அவள் துணியை இறக்கினாள். அவளுடைய குரவை எழும்பியதும் மற்றப் பெண்களுடையது அதற்குள்ளே போய்விட்டது.

மணி அடித்தது. நேர்த்தி முடிந்தது. பெண்டுகள் எல்லாரும் சுற்றி வளைத்துக்கொண்டார்கள். ஒரு பகல் முழுக்கக் கட்டிவைத்த வாயிலிருந்து முதலாவதாக என்ன வரப்போகிறது என்று பார்க்க எல்லாருக்கும் ஆசை. முருகன் பேரைச் சொல்வாள் என்று சிலர், பழுகாமத்துக்காரியைத் திட்டுவாள் என்று சிலர். கண்ணகை இளையதம்பியின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். குளிர்ந்திருந்தது.

“தலையில போட்டிருந்த சாக்க எங்க விட்டீங்க?” என்றாள்.

அவ்வளவுதான், அணை உடைந்தது. சாக்கில் தொடங்கி, மழையில் நனைந்தது, வரிசையை விட்டது, யார் யாரோ கூப்பிட்டால் போவது, எருமை வாலில் தொங்கி வந்தது, பழுகாமத்துக்காரிக்குச் சொல்லியிருக்க வேண்டியது எல்லாம் வரிசையாக வந்தன. சோறு தின்னும்போதும் நிற்கவில்லை. இளையதம்பி அன்று இரண்டு பங்கு சோறு தின்றான்.

மறுநாள் தெற்கே நடந்தார்கள். திருக்கோவில், பொத்துவில், பிறகு காடு. அவள் முன்னால் பேசிக்கொண்டே போனாள், அவன் வானத்தைப் பார்த்துக்கொண்டே பின்னால் போனான். ஓரிடத்திலும் வழி தவறவில்லை. கதிர்காமத்தைக் கண்டு, கறுத்து மெலிந்து, சந்தோசமாக ஊருக்குத் திரும்பினார்கள்.

அந்த மாரியில் இளையதம்பிக்குக் காய்ச்சல் திரும்ப வந்தது. வட்டைக்குள் இறங்கிய பாதிப்பேருக்கு வந்தது, அவனுக்கும் வந்தது. இலட்சுமிப்பிள்ளை வாசலில் நின்று ஒன்றும் சொல்லாமல் மச்சாளைப் பார்த்தாள். சொல்லியிருந்தால்கூடக் கண்ணகைக்கு அவ்வளவு நொந்திருக்காது. மத்தியானம் ஒருவரும் இல்லாத நேரம் அவள் பாயின் ஓரத்தில் வந்து இருந்தாள்.

“நான் அண்டைக்கு வாயத் திறந்ததாலதானே இது வந்த?”

இளையதம்பிக்குப் பல் கிடுகிடுத்தது. போர்வைக்குள்ளிருந்து மெல்லச் சொன்னான்.

“நீ திறக்காட்டி, காய்ச்சல் வாறதுக்கு நான் இருந்திரிக்கமாட்டனே புள்ள.”

கண்ணகைக்கு அழுகை வந்தது. சந்தோசமா துக்கமா என்று பிரித்துப் பார்க்க அவளுக்குத் தெரியவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு, விளக்கடிக்குப் போவதற்கு எழும்பினாள். அவன் போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டிச் சேலைத் தலைப்பைப் பிடித்தான்.

“என்னத்தையும் நேந்துகொள். வாயக் கட்டுற மட்டும் வேணாம்.”

அவள் திரும்ப வந்து பக்கத்தில் இருந்தாள். குருக்கள்மடத்தில் அன்று காலையில் நடந்த ஒரு சண்டையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். அவனுக்கு வியர்த்துக் காய்ச்சல் இறங்கும்வரைக்கும் அவள் நிறுத்தவில்லை.